பிரேக் பிடித்தால் இடது பக்கம்

மங்கையர்க்கரசிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, இழைக்கப்பட்ட அநியாயம் இதுதான்: பதினாறு வருடம் கார் ஓட்டியவளை ஒரே சாயங்காலத்தில் ஓட்டத் தெரியாதவள் ஆக்கினார்கள், சாவியை வாங்கி அலமாரிக்குள் வைத்தார்கள், பதினொரு மாதமாக அவள் காலை ஆறு பத்துக்கு வீட்டைவிட்டு இறங்கி இரண்டு பஸ்ஸும் ஒரு ஷேர் ஆட்டோவும் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலைக்குப் போய் வருகிறாள். ஆக்கினார்கள், வைத்தார்கள் என்று பன்மையில் சொல்கிறேன். யார் யார் என்று கேட்டால் சொல்வேன், இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்பது நாற்பது. திருவெறும்பூரில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் காரின் இடது முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கோணிப்பையின் மேல் மல்லாந்து கிடக்கிறேன். பழைய பாகத்தைக் கழற்றிப் புதியது போட வேண்டும், அதன் போல்ட்டுகள் துருவேறி இறுகிப் போயிருந்ததால் துருவை இளக்கும் எண்ணெயை அடித்திருக்கிறேன். நாற்பது நிமிடம் ஊற வேண்டும், அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டின் தலை உருண்டுவிடும். ஊறுகிற நேரத்தில் படிக்கலாம் என்று கொண்டுவந்த புத்தகம் டூல் பெட்டியின் மேல் இருக்கிறது. அதைத் தொடவில்லை. சும்மா இருக்கிறோமே என்று டார்ச்சை அடித்து மேலே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இல்லை, இதென்ன பேச்சு, பார்த்திருக்கத்தான் வேண்டும், பதினொரு மாதத்துக்கு முன்னாலேயே யாராவது ஒருத்தர் இங்கே படுத்து இப்படி மேலே பார்த்திருக்க வேண்டும். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. எனக்கே இப்போதுதான் நேரம் ஒழிந்தது.

சக்கரத்தைக் காரின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கை ஒன்று உண்டு, லோயர் ஆர்ம் என்பார்கள். அந்தக் கை உடம்போடு சேரும் இடத்தில் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு ரப்பர் புஷ், நம் தோள்மூட்டுக்குள் இருக்கிற சதை மாதிரி, குலுக்கலைத் தாங்குவதற்கு. பின்பக்க ரப்பர் கிழிந்திருக்கிறது. கிழிந்திருக்கிறது என்றால் ஓரத்தில் வெடிப்பு அல்ல, முக்கால் வட்டத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, விரலை விட்டால் உள்ளே போகிறது, விட்டுப் பார்த்தேன், போனது. இரும்புக் கையைப் பிடித்து ஆட்டினால் முன்னும் பின்னும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு ஆடுகிறது. சக்கரம் இருந்தால் சக்கரமும் அப்படித்தான் ஆடியிருக்கும். ஓடுகிறபோது பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? வலது சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும், இடது சக்கரம் பின்னால் தள்ளப்படும், வண்டி இடது பக்கம் போகும். நேராகப் பிடித்த ஸ்டியரிங்கோடு இடது பக்கம் போகும். பிடித்திருப்பவர் பதினாறு வருடம் ஓட்டியவராக இருந்தாலும் போகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு டார்ச்சை வயிற்றின் மேல் வைத்துவிட்டேன். 

பொறு, பொறு நித்திலா. எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? அம்மாவின் சாவி போகக் காரணமான விபத்தில் கிழிந்தது என்று சொல்லும். மதகுச் சுவரில் மோதியதே, இடது பக்கம்தானே மோதியது, அந்த அடியில் ரப்பர் கிழியாதா? கிழியும். நல்ல வாதம். இந்த வாதத்தை வைத்து நான் எதிர்த்தரப்பில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன். ஆனால் மறுபடி டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன், கிழிசலுக்குள்ளே மண் இருக்கிறது. செம்மண். மேலே பூசியது இல்லை, அடுக்கடுக்காக அடைந்து, செங்கல் மாதிரி கெட்டியாகி, கிழிசலின் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் முதுகலை வரலாறு படிக்கிறவள், மண்ணடுக்கைப் பார்த்துக் காலம் சொல்வது எப்படி என்று போன பருவத்தில்தான் தேர்வு எழுதினேன். விபத்து நடந்தது கல்லணைச் சாலையில், சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழியில், வாய்க்கால் மதகில். அங்கே மண் கறுப்பு. அதற்குப் பிறகு வண்டி போனது டிங்கரிங் கடைக்கு, அங்கே பம்பரும் ஃபெண்டரும் விளக்கும் மாற்றினார்கள், கீழே யாரும் குனியவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு, வீட்டில் சிமெண்ட் தரைக்கு. பதினொரு மாதமாக இந்தச் சக்கரம் மண்ணைத் தொடவில்லை. செம்மண் இருப்பது புதுக்கோட்டைச் சாலையிலிருந்து பிரிந்து அம்மாவின் சுகாதார நிலையத்துக்குப் போகும் கிராமத்துப் பாதையில். அங்கே அம்மா தினமும் இந்த வண்டியில் போனாள். அப்படியானால் மண் முதலில், விபத்து பிறகு. மண் நுழைய வேண்டுமானால் கிழிசல் அதற்கும் முதலில். போதாதா? போதாதென்றால் இதோ, இரும்போடு இரும்பு உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறது, வெற்றிலை நரம்பு மாதிரி மெல்லிய கோடுகள், அதன்மேல் பதினொரு மாதத் துரு. ஒரு மோதலில் இப்படித் தேயாது. இது மாதக்கணக்கில், ஒவ்வொரு பிரேக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஒவ்வொரு பிரேக்கிலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கிறாள். "ஏங்க, பிரேக் பிடிச்சா வண்டி இடது பக்கம் போகுதுங்க." ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்லுவாள், ஏதோ பால்காரன் வரவில்லை என்பது மாதிரிச் சாதாரணமாக. "கைய லூசா வச்சிருப்பே" என்பார் அப்பா. ஒருநாள் அவரே எடுத்துக்கொண்டு போய்க் காலனியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார், முப்பதில் போய், பூப்போல பிரேக் பிடித்து. "நேராத்தானே போகுது! அம்பு மாதிரி போகுது!" சித்தப்பா வந்திருந்த அன்று, "அண்ணி இடதுசாரி ஆயிட்டாங்க, எல்லாம் நித்தி சகவாசம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்தோம். நானும்தான். பல்கலைக்கழகத்தில் பெண் ஓட்டுநர்களைப் பற்றிய நக்கல்களைக் கண்டித்துப் பத்து நிமிடம் பேசிக் கோப்பை வாங்கியவள் வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து சிரித்தாள், புரையேறுகிற அளவுக்கு.

அம்மா சிரித்தாளா? ஞாபகம் இல்லை. அவள் முகம் அந்த இடத்தில் வெறும் வெளிச்சமாக இருக்கிறது, டார்ச்சை நேராகக் கண்ணில் அடித்தது போல. எண்ணெய் ஒரு சொட்டு என் காதோரம் விழுந்து கழுத்துக்குள் இறங்குகிறது. துடைக்கவில்லை. மஞ்சள். இதைப் பற்றித்தான் நினைக்காமல் இருக்கிறேன், இவ்வளவு நேரமும் மண்ணையும் துருவையும் சுற்றிச் சுற்றி வந்தது இதைத் தொடாமல் இருக்கத்தான். கிழிந்த ரப்பருக்குப் பக்கத்தில், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டின் மேல், ஒரு மஞ்சள் கோடு. நட்டிலிருந்து தொடங்கி அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரை, ஒரே இழுப்பில் இழுத்த பெயிண்ட் கோடு. அப்பாவின் கோடு. தட்சிணாமூர்த்தி, தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பரிசோதகர். அங்கே இறுக்கிச் சரிபார்த்த நட்டுக்கெல்லாம் இப்படி ஒரு கோடு போடுவார்களாம், நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் காஸ் அடுப்பின் குழாய்க் கவ்வியில் மஞ்சள், மின்விசிறியின் கொக்கியில் மஞ்சள், நான் எட்டாம் வகுப்பில் ஓட்டிய சைக்கிளின் ஹேண்டில்பாரில் மஞ்சள். தோழிகள் வந்தால் கேட்பார்கள், உங்க வீட்ல எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கீங்களே என்று. மஞ்சள் இருந்தால் அப்பா பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அப்பா பார்த்துவிட்டார் என்றால் அதன்மேல் ஏறி ஆடலாம். இந்தக் கோடும் உடையவில்லை. அடிபட்டும் உடையவில்லை, நேற்றுப் போட்டது போல ஒரே நேராக இருக்கிறது. நட்டு நகரவேயில்லை. அவர் இறுக்கிய இறுக்கு இறுக்குதான். அதனால்தான் ரப்பர் செத்தது.

இதை நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், போன ஞாயிறு வலது பக்கத்தை மாற்றியபோது அதே தப்பை நானும் செய்தேன். வீடியோக்களைப் பார்த்து, எழுதி வைத்துக்கொண்டு, முழு நாள் போராடிப் புது ஆர்மைப் பொருத்தி, எல்லா நட்டையும் கைக்கு ஏறிய மட்டும் இறுக்கிவிட்டு, ஜாக்கை இறக்கி, தங்கப்பதக்கம் வாங்கியது போலப் பாலக்கரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களே, இடது பக்கத்துக்கும் சாமான் வாங்க. கடையில் ஷகீலா அக்கா, என்னைவிட ஆறேழு வயதுதான் பெரியவள், கவுண்டரில் நின்றால் வருகிற மெக்கானிக்குகள் எல்லாம் குரலைத் தாழ்த்துவார்கள். "மாட்டிட்டியா? நீயேவா? பரவால்லையே. கடைசி டைட் எப்ப வச்ச?" என்றாள். "ஜாக்கில இருக்கறப்பவே வச்சிட்டேன்க்கா." "சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கறப்பவா?" "ஆமா." "அடிப்பாவி!" கடையே திரும்பிப் பார்த்தது. "நீ புடவை கட்டுவியா, மாட்டியா?" "கட்டுவேன், விழாவுக்கு." "கையத் தொங்க விட்டுக்கிட்டு, தோள்ல முந்தானைய இழுத்து ரவிக்கையோட வச்சு இறுக்கமாப் பின் குத்திட்டு, அப்பறம் பஸ்ஸுல ஏறி கம்பியப் பிடிக்கக் கையத் தூக்கினா என்ன ஆகும்?" "கிழியும்." "எது கிழியும்? பின்னா?" "துணி." "அதேதான். வண்டி கீழ எறங்கி நின்னா அந்த ஆர்ம் மேல வரும். தொங்கறப்ப இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், நிக்கும், ஒருநாள் பிய்ஞ்சிடும். வண்டி தன் கால்ல நின்ன பெறகுதான் கடைசி இறுக்கு. வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் லூஸ் பண்ணி மறுபடி இறுக்கு, போ. எம்.ஏ. படிக்கிறியாம்." நான் வாதாடினேன், நான் வாதாடாமல் இருப்பேனா, வீடியோவில் அப்படித்தான் காட்டினார்கள் என்றேன். "வீடியோக்காரன் வண்டிய அவன் பொண்டாட்டியா ஓட்டப் போறா?" என்றாள். திரும்பி வந்து, எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரத்தை மாட்டி இறக்கி, கீழே ஊர்ந்து போய், மறுபடி இறுக்கினேன். அந்த வாக்கியம் என்னோடு வீடு வரைக்கும் வந்தது, இப்போது இந்தக் கோணியின் மேல் என் பக்கத்தில் படுத்திருக்கிறது. அவன் பொண்டாட்டியா ஓட்டப் போறா.

அப்பா தொங்கும்போது இறுக்கினார் என்பதற்கு என்ன ஆதாரம்? இருக்கிறது. நேரடிச் சாட்சி இருக்கிறது. நான்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளி விடுமுறை, இதே போர்டிகோ, சக்கரம் இதே சுவரில் சாய்ந்திருந்தது. அப்பா கீழே, நான் குந்திக்கொண்டு டார்ச் பிடித்தேன். "வெளிச்சத்த அசைக்காத, நித்தி" என்றார். இறுக்கினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கால் சுற்று இறுக்கினார், கையை நீட்டி, "பெயிண்ட்" என்றார், ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி. நான் குச்சியை மஞ்சளில் தோய்த்துக் கொடுத்தேன். கோடு போட்டார். அதற்குப் பிறகுதான் சக்கரம் மாட்டினார், அதற்குப் பிறகுதான் வண்டியை இறக்கினார். எனக்கு நன்றாகத் தெரியும், பெயிண்ட் என் கட்டைவிரலில் ஒட்டி மூன்று நாள் இருந்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணால் பார்த்ததைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது வேறொன்று. அவர்களுடைய தொழிற்சாலையில் ஒரு விதி உண்டாம், அவரே பெருமையாகச் சொல்லுவார், வேலை செய்தவன் அந்த வேலையைப் பரிசோதிக்கக் கூடாது, இன்னொரு கண்தான் பார்க்க வேண்டும். வீட்டில் இன்னொரு கண் இருந்தது. தினமும் நாற்பது கிலோமீட்டர் அந்த வேலையைப் பரிசோதித்துவிட்டு வந்து ரசம் ஊற்றும்போது அறிக்கை கொடுத்தது. அந்தக் கண்ணுக்கு மஞ்சள் பெயிண்ட் யாரும் கொடுக்கவில்லை.

"என்ன மெக்கானிக்கம்மா, ஊறுதா, இல்ல ஊறுகாயே போட்டாச்சா?" அப்பாவின் செருப்பு இரண்டும் என் தலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கால் நகத்தை ஒழுங்காக வெட்டியிருக்கிறார். இங்கிருந்து அவர் முழங்கால் வரைக்கும்தான் தெரிகிறார். "ஊறுதுப்பா." "லெஃப்ட எதுக்குடி கழட்டின? ரைட்டு மட்டும்தான் மாத்தணும்னு சொன்னேனே. லெஃப்ட்டு நான் போட்டது. மஞ்சள் இருக்கும் பாரு." "பாத்தேன்பா." "இருக்கா?" "இருக்கு." "உடைஞ்சிருக்கா?" "இல்ல." "அப்பறம் என்ன, மூடிட்டு வா. இட்லி ஆறுது. அதக் கழட்டினா நீதான் கெடுத்துடுவ." சிரிக்கிறார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம், மூன்று வருடம் கழித்தும் தன் கோடு உடையாமல் இருப்பதில். லெஃப்ட்டைத் தொடாதே என்று போன வாரமும் சொன்னார், நேற்றும் சொன்னார். ஏன் சொன்னார்? தெரிந்தா?  தெரிந்திருந்தால் அவர் அம்மாவையும் என்னையும் இந்த வண்டியில் ஏற்றியிருக்க மாட்டார். மாட்டார். மதகில் மோதி என் நெற்றியில் மூன்று தையல் போட்டபோது அவருடைய உதடு வெள்ளையாக இருந்தது, நான் பார்த்தேன். தெரியாது அவருக்கு. தெரியாமல் இருக்க அவருக்கு வசதி இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும் இப்போது: அப்பா, குனிஞ்சு பாருங்க. அவருக்கு முதுகு வலி, ஆனாலும் குனிவார். நான் எதற்கும் வாய் மூடாதவள், துறைத்தலைவரிடம் வருகைப்பதிவுக்காக முக்கால் மணி நேரம் நின்று வாதாடியவள். செருப்பு திரும்புகிறது. போகிறது. உள்ளே செய்தித்தாளைப் பிரிக்கும் சத்தம். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் அவர் அடுத்த கேள்வி கேட்பார். நியாயமான கேள்வி. "நீதானடி அன்னிக்குச் சொன்ன?"

சரி. பன்மைக்கு வருகிறேன். அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவுக்கு வெளியே, பச்சைப் பெஞ்சு. என் நெற்றியில் பஞ்சு. அம்மாவின் மணிக்கட்டில் கட்டு. அப்பாவும் சித்தப்பாவும் எதிரே. அம்மா ஒரே விஷயத்தை நாலாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்: "முன்னாடி பஸ் சடக்குனு நின்னுச்சு. நான் பிரேக் பிடிச்சேன். நான் திருப்பல. நேராத்தான் பிடிச்சிருந்தேன், வண்டிதான் போச்சு." சித்தப்பா, "அது எப்படி அண்ணி, வண்டி தானாப் போகும்? அதுக்குக் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டதா?" என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துல உக்காந்திருந்தல்ல. நீ யார் பக்கமும் பேச மாட்ட. சொல்லு. திருப்பினாளா, இல்லையா?" நான் சொன்னேன். ஒரு சொல். "திருப்பினாங்க." அவ்வளவுதான். பதினொரு மாதம், இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பொய் சொன்னேனா? அப்போது அது பொய் மாதிரித் தெரியவில்லை. என் உடம்பு வலது பக்கம் சாய்ந்தது, அம்மாவின் தோளில் என் தோள் இடித்தது, வண்டி இடது பக்கம் திரும்பினால்தான் அப்படிச் சாயும், திரும்பியது என்றால் யாரோ திருப்பியிருக்க வேண்டும், ஓட்டியது அம்மா, ஆகவே. எத்தனை அழகான தருக்கம். ஆனால் அவர் கேட்டது என் முடிவை அல்ல, நான் பார்த்ததை. நான் பார்த்தது என் மடியில் இருந்த கைப்பேசி. வரலாற்றுச் சங்கக் குழுவில் யாரோ ஒருவன் சோழர் காலத்து நில வரியைப் பற்றித் தப்பாக ஏதோ எழுதியிருந்தான், அவனுக்கு மூன்றாவது மறுப்பை அடித்துக்கொண்டிருந்தேன். சாலையில் பஸ் இருந்ததே எனக்கு மோதிய பிறகுதான் தெரியும். அம்மாவின் கை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நடுவர் என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது, தெரியாது என்ற சொல் எனக்கு வரவில்லை. எனக்கு அந்தச் சொல் வந்ததே இல்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அதுவும் ஞாபகம் இருக்கிறது, இந்தத் தடவை முகம் தெளிவாக இருக்கிறது. கோபம் இல்லை. மருந்துச் சீட்டில் டாக்டர் ஏதோ தப்பாக எழுதியிருந்தால் அதை இரண்டாவது தடவை படிப்பாளே, அந்தப் பார்வை. பிறகு கைப்பையைத் திறந்து, கட்டுப் போட்ட கையால் சிரமப்பட்டுச் சாவியை எடுத்து, அப்பாவிடம் கொடுத்தாள். பிடுங்கினார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது பொய். அவளே கொடுத்தாள். நான் சொன்ன பிறகு கொடுத்தாள்.

தொடப்பம் பெருக்குகிற சத்தம் பக்கத்து வீட்டில். பத்து ஐந்து. இன்னும் பதினைந்து நிமிடம் ஊற வேண்டும். ஒன்று செய்யலாம். கழற்றி, பழையதைக் கோணியில் சுற்றிக் குப்பையில் போட்டு, புதியதைப் பொருத்தி, வண்டியைத் தன் காலில் நிறுத்தி இறுக்கிவிட்டு, "அம்மா, இனிமே நீ ஓட்டு, எல்லாம் சரி பண்ணிட்டேன்" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பாவின் கோடு மானத்தோடு போகும், என் சொல்லும் அதோடு போகும். அம்மாவுக்குச் சாவி கிடைக்கும், அதுதானே முக்கியம் என்று என் வாய் இப்போதே வாதாடத் தொடங்கிவிட்டது, அதை நானே எதிர்க்கிறேன். ஏனென்றால் அப்படிக் கிடைத்தால் அது மன்னிப்பு. ஓட்டத் தெரியாதவளுக்கு மகள் போட்ட மன்னிப்பு. அவள் தெரிந்தவள். அவளைத் தவிர இந்த வீட்டில் இந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை, கிழிந்த ரப்பரோடு மாதக்கணக்கில், தினமும், பிரேக்குக்குப் பிரேக் வலது பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஓட்டியிருக்கிறாள். அன்றைக்கும் பிடித்திருப்பாள், பஸ் அவ்வளவு சடக்கென்று நிற்காமல் இருந்திருந்தால். இரும்புக் கையை மறுபடி ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறேன். டொக் என்கிறது. இந்தச் சத்தத்தையும் அவள் சொல்லியிருக்கிறாள், டொக்குனு ஒரு சத்தம் வருது என்று. நாங்கள் ரேடியோவைக் கூட்டி வைக்கச் சொன்னோம்.

சேலையின் கரை ஈரத்தோடு வருகிறது, கூடவே பிளாஸ்டிக் வாளி. அம்மா துணி உலர்த்த வந்திருக்கிறாள். போர்டிகோவின் ஓரத்துக் கொடியில் அப்பாவின் சட்டையை உதறுகிறாள், தண்ணீர் என் கணுக்காலில் தெறிக்கிறது. "என்னடி, போல்ட்டோட பேசிக்கிட்டு இருக்கியா? உதடு அசையுது." நான் வெளியே ஊர்ந்து வந்து உட்கார்கிறேன். தலையில் இரும்பு இடிக்கிறது, வலிக்கவில்லை. "அம்மா, இங்க கொஞ்சம் குனிஞ்சு பாரேன்." "சேலை ஈரம்டி." "பரவால்ல, பாரு." ஒரு கையால் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை ஃபெண்டரில் ஊன்றிக் குனிகிறாள். நான் டார்ச்சை அடிக்கிறேன். வெளிச்சம் அசையாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். இரும்புக் கையை ஆட்டிக் காட்டுகிறேன். டொக். அவள் தலை லேசாகச் சாய்கிறது, தெரிந்த குரலைக் கேட்டது போல. விரலை நீட்டிக் கிழிசலுக்குள் இருந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குகிறாள். "நம்ம ரோட்டு மண்ணு" என்கிறாள்.  நட்டின் மேல் இருந்த மஞ்சள் கோட்டையும் பார்த்தாள், பார்த்ததை நான் பார்த்தேன்.

"அம்மா, நீ திருப்பல." அவள் நிமிர்ந்து, விரலை வாளித் தண்ணீரில் கழுவுகிறாள். "வண்டிதான் போயிருக்கு. ஒரு வருஷத்துக்கு மேலயே கிழிஞ்சிருக்கு இது. நீ சொன்னது அத்தனையும் நெசம்." அடுத்த சட்டையை எடுத்து உதறுகிறாள். என் வாயிலிருந்து வாதம் வாதமாக வருகிறது, மண் முதலில், கிழிசல் அதற்கு முதலில், இரும்பில் பள்ளம், துருவின் வயது, தொங்கும்போது இறுக்கியது, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறேன், எதற்காக அடுக்குகிறேன் என்று தெரிந்தே அடுக்குகிறேன், அடுக்கி முடித்தால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அவள் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். முடிந்துவிட்டது. "அம்மா," என்கிறேன், "அன்னிக்கு நான் ரோட்டப் பாக்கல. ஃபோனப் பாத்துக்கிட்டிருந்தேன். நீ திருப்பினியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்." இவ்வளவு சின்ன வாக்கியங்களா அவை. கொடியில் சட்டை தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவள் அழுவாள் என்றோ, அறைவாள் என்றோ, கட்டிக்கொள்வாள் என்றோ என் உடம்பு மூன்றுக்கும் தயாராக இருந்தது. அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துச் சட்டையின் தோளில் மாட்டினாள். வீட்டுக்குள்ளே செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது. அம்மா அந்தச் சத்தம் வந்த பக்கம் முகவாயை நீட்டிக் காட்டினாள்.

"எங்கிட்ட எதுக்குடி சொல்ற? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. யார்கிட்ட அப்பிடிச் சொன்னியோ, அவர்கிட்டப் போய்ச் சொல்லு."